நாற்பத்தொரு குலுக்கல்

மலையடிவாரத்துப் பூங்காவில் மரத்தாலேயே கட்டிய ரோலர் கோஸ்டர் ஒன்று இருபத்தாறு வருஷம் ஓடியது. வாசல் பலகையில் அதற்கு ராஜநாகம் என்று பெயர் எழுதியிருந்தாலும், ஒருதரம் ஏறி இறங்கிய எவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, குலுக்கி என்றுதான் சொன்னார்கள், ஏனென்றால் அந்த வண்டி சரியாக நாற்பத்தொரு இடத்தில் ஆளைத் தூக்கிப் போட்டது, அந்த நாற்பத்தொன்றுக்கும் அங்கே வேலை பார்த்தவர்கள் தனித்தனியே பெயர் வைத்திருந்தார்கள். முதல் சரிவில் வருவது பல்லாட்டி. அடுத்த வளைவில் வருவது விலாக்குத்தி. இரண்டாம் சரிவில், வண்டி பள்ளத்தில் விழுந்து மேலே எழும்பும் இடத்தில் வருவது எலும்பெண்ணி. எல்லாவற்றிலும் கொடியது அதுதான், முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விடும்.

பிரமு அந்த வண்டியில் ஆட்களை உட்கார வைத்து, மடிமேல் இரும்புக் கம்பியை இறக்கிப் பூட்டும் வேலையைப் பதினான்கு வருஷமாகச் செய்துவந்தாள். இருபத்துநான்கு பேர், இருபத்துநான்கு கம்பி. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு அவள் கட்டைவிரலை உயர்த்தினால்தான் வண்டி கிளம்பும். அவள் வீடு பூங்காவின் பின்சுவரை ஒட்டிய சூளைக் காலனியில் இருந்தது. செங்கல் சூளை மூடியபிறகு அங்கே மிஞ்சிய அறுபது குடும்பங்களில் பாதிப்பேர் பூங்காவில் கூட்டினார்கள், பெருக்கினார்கள், செடிக்குத் தண்ணீர் விட்டார்கள், பொரித்த எண்ணெயை வடித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் அலறலும் கேட்டால் இந்தப் பக்கம் அடுப்பில் உலை கொதிக்கும்.

காலம் போகப்போக வந்தவர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். கழுத்து பிடித்துக்கொண்டது என்றார்கள், இடுப்பு போய்விட்டது என்றார்கள், நகரத்துப் பிள்ளைகள் செல்போனில் திட்டி எழுதினார்கள். சென்னையிலிருந்து முதலாளி வந்து பார்த்தார். மரச்சட்டம் அப்படியே நிற்கட்டும், மேலே ஓடும் தடத்தை மட்டும் பிரித்துப் போட்டுவிட்டுப் புது இரும்புத் தடம் வைக்கலாம் என்று முடிவாயிற்று. நாலு மாதம் வேலை நடந்தது. தினமும் காலையில் சுத்தியலோடு தடத்தின்மேல் நடந்து, கழன்ற ஆணிகளை அடித்து இறுக்கிவந்த தச்சர் ஆவுடையப்பன்தான் அதைப் பிரிக்கவும் செய்தார். எட்டடுக்காக ஒட்டிய பலகைகள் பூங்காவின் மூலையில் மலைபோலக் குவிந்தன.

பிரமு மேனேஜர் குற்றாலிங்கத்திடம் போனாள். அவர் அந்தப் பக்கத்து ஆள்தான், அவளைவிட நாலைந்து வயது இளையவர்.

"இத எங்க சார் கொண்டு போடப் போறிய?"

"அதான் தெரியல பிரமுக்கா. அள்ளிக் கொட்டவே நாலு நாளாவும்."

"எங்க காலனிக்குத் தாங்களேன். மழைக்கு முன்னால கூரைய மாத்துவோம்."

"எடுத்துக்கிடுங்க. அன்பளிப்பா வாங்கிக்கிட்டோம்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

அறுபது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளிக்குப் பிரமுவே மாலை வாங்கிப் போட்டாள், படம் எடுத்தார்கள். காலனியில் ஒரு வாரம் இழைப்புளிச் சத்தம் கேட்டது. தகரக் கூரைகள் இறங்கிப் பலகைக் கூரைகள் ஏறின, கதவுகள் முளைத்தன, கட்டில்கள் முளைத்தன, அங்கன்வாடிக்கு நீள பெஞ்சு வந்தது. இருப்பதிலேயே கெட்டியான பலகையைப் பிரமு கேட்டாள். அவளுடைய மகள் கோமு தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள், வாசலை ஒட்டி ஓடும் சாக்கடையின் மேல் கிடந்த கல் ஆடிக்கொண்டிருந்தது, அதை எடுத்துவிட்டு நல்ல பலகையாகப் போட வேண்டும். ஆவுடையப்பன் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"எலும்பெண்ணிக்கு அடியில கெடந்தது இது. இதுக்கு அடிச்ச ஆணி வேற எதுக்கும் நான் அடிக்கல. ஆனை நடந்தாலும் தாங்கும்" என்றார்.

புதுத் தடத்தில் முதல் வண்டி ஓடிய அன்றைக்குக் காலை பத்து மணிக்கு இருபத்துநான்கு பேர் ஏறி, தலைமுடி கலையாமல் இறங்கினார்கள். கண்ணாடித் தரையில் கோலிக்குண்டு உருண்டதுபோல இருந்தது என்றார்கள். வண்டி ஓடிய அதே இரண்டு நிமிஷம் பத்து வினாடியில் சூளைக் காலனியின் வடக்கு ஓரத்து வீட்டில் தோசைக்கல் அடுப்பிலிருந்து எழும்பிக் கீழே விழுந்தது, அடுத்த வீட்டில் கதவு தானாகத் துடித்தது, அதற்கடுத்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் கட்டிலோடு முக்கால் அடி நகர்ந்து கண் விழித்தார், இப்படி வீடு வீடாக நாற்பத்தொரு குலுக்கலும் வரிசை தவறாமல் ஓடி, அங்கன்வாடி பெஞ்சில் கடைசியாக ஒருதரம் மெல்ல ஆடி நின்றது.

எப்படி என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. வண்டியில் இருந்து எடுத்த குலுக்கல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், பலகையோடு அதுவும் வந்துவிட்டது என்று ஆவுடையப்பன் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பத்து மணி முதல் ஆறு மணி வரை கால்மணிக்கு ஒரு வண்டி, செவ்வாய்க்கிழமை விடுமுறை. பத்தே நாளில் காலனி அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டது. பெண்கள் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் மாவு கரைத்தார்கள், சோறு வடித்தார்கள், பிள்ளைக்கு மருந்து ஊற்றினார்கள். சவரம் செய்கிறவர் மணி பார்த்துக் கத்தியை எடுத்தார். ஒரு கல்யாணத்தில் பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் நடுவில் மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டு முடித்தான், மேளக்காரர் மட்டும் தாளம் தப்பாமல் அடுத்த வண்டியையும் சேர்த்து வாசித்தார். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே வண்டி எங்கே போகிறது என்று சொல்ல எல்லோருக்கும் தெரிந்தது. அங்கன்வாடிக்கு வந்தது வண்டி வேகம் அடங்கும் இடத்துப் பலகை, அது தொட்டில்போல ஆடியதால் பிள்ளைகள் கால்மணிக்கு ஒருதரம் சுகமாகக் கண் அசந்தார்கள். வாதம் வந்து படுத்திருந்த ஒருவருக்குப் பல்லாட்டிப் பலகையில் மூன்று வாரம் கிடந்தபின் இடதுகை விரல்கள் அசைந்தன. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, அவர் வீட்டு வாசலில் சூடம் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

பழகிவிட்டது என்பதற்காகக் கோபம் இல்லாமல் இல்லை. சுவர் விரிசல் விட்டது, பானை உடைந்தது, பூங்காவில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்து காலை நீட்டினால் அந்தக் காலும் குலுங்கியது. ஒருவர் தன் கட்டிலை வெட்டி அடுப்பில் வைத்தார். அந்தச் சாம்பலைப் போட்டுத் துலக்கிய பாத்திரங்கள் ஒரு மாதம் அலமாரியில் நிற்காமல் குதித்தன. இன்னொருவர் தன் கதவைக் குளத்தில் எறிந்தார். மறுநாள் கெண்டை மீன்கள் கரையில் வந்து விழுந்து கிடந்தன. பத்துப் பேர் சேர்ந்து மனு எழுதிப் போட்டார்கள். அதிகாரிகள் செவ்வாய்க்கிழமை பார்த்து வந்தார்கள். பலகையின்மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், தண்ணீர் அசையவில்லை, அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவங்க இடுப்பு நோவக் கூடாதுன்னு நம்ம இடுப்புல ஏத்திட்டாவ" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். பிரமு பாதி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பலகையைக் கேட்டு வாங்கியது அவள்தான்.

கோமு எட்டாம் மாதத்தில் இருந்தாள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், ஞாயிறுதோறும் போனில் பேசுவான். சாக்கடைப் பலகையைத் தாண்டுமுன் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க அவளுக்குப் பிரமு பழக்கியிருந்தாள். ஒருதரம்கூட அவள் தவறியதில்லை.

ஒரு வியாழக்கிழமை முதலாளி தன் விருந்தாளிகளோடு வந்திருந்தார். பிரமுவைச் சீக்கிரமே வரச்சொன்னார்கள். ஒன்பதேகால் மணிக்கு இருபத்துநான்கு இருக்கையும் நிறைந்தது. முன்வரிசையில் உட்கார்ந்த முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப பிள்ளைத்தாச்சிகூட ஏறலாம், அவ்வளவு நைஸா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரமு கடைசிக் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"சார், பத்துக்குத்தான் மொத வண்டின்னு காலனியில நெனச்சிட்டிருப்பாவ. இப்ப ஓட்டுனா யாருக்கும் தெரியாதே" என்றாள் குற்றாலிங்கத்திடம்.

"ஒரே ஒரு ரவுண்டுதான்க்கா. முதலாளி உக்காந்துட்டாரு பாருங்க."

அவள் கட்டைவிரலை உயர்த்தினாள்.

கோமு அப்போது குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வாசல் வழியே உள்ளே மணி பார்த்தாள், முதல் வண்டிக்கு முக்கால் மணிநேரம் இருந்தது. பலகையில் கால் வைத்தாள். எலும்பெண்ணி அவளைக் குடத்தோடு தூக்கி, சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் வயிறு படப் போட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று மாலையே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பிரமுவின் கையில் கொடுத்தபோது அது கனமாக இருந்தது, நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று கைக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் கோமு சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டாள்.

"அந்த வண்டிக்கு யாரும்மா கம்பி பூட்டுனது?"

"நாந்தான்."

அதற்குப்பிறகு கோமு அம்மாவிடம் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

குற்றாலிங்கம் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிரமு அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"கம்பெனியில என்ன சொல்லுதாவ?"

"வண்டி ஓடுறது சுவருக்கு அந்தப் பக்கம். அவ விழுந்தது இந்தப் பக்கம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காங்க. எனக்கும் மனசு கேக்கல அக்கா, நான் என்ன பண்ண முடியும்?"

"ஒமக்குத் தெரியாதா சம்பந்தம்? நீரு எலும்பெண்ணியில ஏறுனதே கெடையாதா?"

"ஏறியிருக்கேன்."

"அப்ப இந்தப் பலகையில நில்லும். பதினொண்ணேமுக்கால் வண்டி வரட்டும். நின்னுட்டு, சம்பந்தம் இல்லன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போரும்."

குற்றாலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். பழங்களைத் தரையில் வைத்துவிட்டுப் பலகையை மிதிக்காமல் சாக்கடையைத் தாண்டிக் குதித்துப் போனார். பிரமு பழப்பையைத் தூக்கி அவர் முதுகுக்குப் பின்னால் எறிந்தாள். ஆரஞ்சுகள் தெருவில் உருண்டன, யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்குப் பிரமுவுக்கு வந்த கோபம் அடுப்புத் தீ மாதிரி எரிந்து அடங்குகிற கோபமாக இல்லை. அவள் வீடு வீடாக ஏறினாள். கூரையைப் பிரியுங்கள் என்றாள். மழைக்கு என்ன செய்ய என்று கேட்டவர்களிடம் நனையுங்கள் என்றாள். வாதக்காரரின் மனைவி மட்டும் பல்லாட்டியைத் தரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வாதக்காரரே இடதுகையை உயர்த்தி, "குடுத்துரு. இந்த வெரலு எனக்கு வேண்டாம்" என்று குழறலாகச் சொன்னார். ஆவுடையப்பன் தன் கையால் அடித்த ஆணிகளைத் தன் கையாலேயே பிடுங்கினார். அங்கன்வாடி பெஞ்சைப் பிள்ளைகளே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பூங்கா நிரம்பி வழிந்த நேரத்தில், அறுபது வீட்டு ஆட்களும் பலகைகளைத் தோளில் சுமந்து சுவரைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார்கள். பூங்காக் காவலாளிகள் உள்ளேயிருந்து கேட்டைப் பூட்டினார்கள். போலீஸ் வந்தது. அன்பளிப்பாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, கொண்டுவந்து போட்டால் குப்பை கொட்டிய குற்றம் ஆகும் என்று இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். பிரமுவும் ஆவுடையப்பனும் சாக்கடைப் பலகையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நேராக நின்றார்கள். அப்போது பன்னிரண்டு மணி வண்டி கிளம்பியது. சாலை நெடுக நின்ற வரிசையில் பல்லாட்டி வந்தது, விலாக்குத்தி வந்தது, தோள்கள் எழும்பி விழுந்தன, யாரும் பலகையைக் கீழே விடவில்லை. கோபம் பிடித்த உடம்பை எந்தக் குலுக்கலும் சாய்க்கவில்லை. அலை அலையாக வந்து எலும்பெண்ணி முன்வரிசையை எட்டியபோது பலகை கேட்டை ஒரே இடி இடித்தது, கேட் கீல்களோடு கழன்று உள்பக்கம் விழுந்தது.

அதற்குமேல் அவர்கள் ஒன்றையும் உடைக்கவில்லை. ராஜநாகத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் கொட்டகைக்குள் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். மறுநாளிலிருந்து டிக்கெட் வாங்கி நின்ற கூட்டம் குலுங்கியது. வண்டியில் இருந்தவர்கள் சுகமாகப் போனார்கள், காத்திருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், ஐஸ்கிரீம்கள் சட்டைகளில் அப்பின. பிரமுவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று வந்து நின்றது.

லாரி எங்கே போகிறது என்று தெரிந்தபோது காலனியில் பாதிப்பேருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கடலோரத்தில் உப்பளத்து ஊர் ஒன்று. போன புயலில் கூரை போனவர்கள். அன்பளிப்பு என்று சொன்னதும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்.

"நம்மள விட்டுத் தொலைஞ்சா போதும்" என்றாள் குழாயடிப் பெண்.

"அங்க ஒரு பிள்ளைத்தாச்சி இருக்க மாட்டாளா?" என்றாள் பிரமு.

"அதுக்கு நாம என்னளா பண்ண?"

பிரமு அவளைப் பார்த்த பார்வையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரமு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், கிளம்பத் தயாராக நின்ற லாரியின் பின்பக்கம் ஏறிப் பலகைக் குவியலின் உச்சியில் உட்கார்ந்தாள். டிரைவர் சூசை இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இறங்குங்கம்மா. ஆள் ஏத்தக் கூடாது."

"நீரு ஏத்தல. நானா ஏறினேன். ஓட்டும்."

காலை பத்து மணிக்குமேல் சூசைக்கு ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. கால்மணிக்கு ஒருதரம் லாரி நாற்பத்தொரு தடவை துள்ளியது, நல்ல ரோட்டிலும் துள்ளியது. மூன்றாம் முறை அவர் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே நின்று பார்த்தார். நின்ற லாரி தானாகக் குதித்தது, உச்சியில் இருந்த பெண் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் குதித்தாள். சூசை தண்ணீர் பாட்டிலை மேலே நீட்டி, என்ன விஷயம் என்று கேட்டார். அவள் கோமு விழுந்தது வரைக்கும் சொன்னாள், கட்டைவிரலை உயர்த்தியது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

உப்பளத்து ஊரில் முதலாளி படத்துக்குப் போட மாலையோடு பெண்கள் காத்திருந்தார்கள். பிரமு உச்சியில் எழுந்து நின்றாள்.

"ஒரு பலகையும் இறக்காதீங்க தாயி. அடுத்த வண்டி பன்னெண்டேகாலுக்கு. அதுவரைக்கும் நின்னு பாருங்க. பாத்துட்டு வேணும்னா இறக்குங்க, நான் தடுக்கல."

பார்த்தார்கள். பன்னிரண்டேகாலுக்கு மண்ணில் நின்ற லாரி எழும்பி விழுந்தது, கட்டியிருந்த கயிறு ஒன்று அறுந்தது, மாலை வைத்திருந்த பெண் மாலையைக் கீழே வைத்தாள். வரிசையின் நடுவில் நின்ற ஒரு பெண்ணின் வயிற்றைப் பக்கத்தில் இருந்தவள் கை வைத்து மறைத்தாள். அதற்குமேல் யாரும் லாரிப் பக்கம் வரவில்லை. பிரமுவுக்கு மட்டும் மோரும் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள்.

சூசை மேனேஜருக்குப் போன் போட்டார். "சார், இங்க இறக்க விட மாட்டேங்காவ. எங்க கொண்டு போறது?"

பிரமு சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, "முதலாளி வீடு எங்க இருக்குன்னு கேளும்" என்றாள்.

சூசை கேட்டார். அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குற்றாலிங்கம் சென்னை விலாசத்தை, கதவு எண்ணோடு, இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கம்பெனி அனுப்பிய லாரி என்று காவலாளி தடுக்காமல் விட, முதலாளி வீட்டில் பலகை இறங்கியது. அதிலிருந்து மூன்றாம் நாள் மத்தியானம் ராஜநாகத்தை நிறுத்தச் சொல்லித் தகவல் வந்தது. பழுது என்று வாசலில் அட்டை மாட்டினார்கள். அந்த வருஷத்து மழை கூரையில்லாத சூளைக் காலனியை நன்றாக நனைத்தது. ஓலை கிடைத்தவர்கள் ஓலை போட்டார்கள், மற்றவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டினார்கள். ராஜநாகம் நின்றதில் பூங்காவில் வேலை போனவர்களில் சிலர் பிரமுவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசவில்லை.

சென்னையிலிருந்து அவள் திரும்பி வந்த அன்று கோமு அடுப்படியில் இருந்தாள். பிரமு கால் கழுவிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். கோமு திரும்பாமலே கேட்டாள்.

"நம்ம சாக்கடைப் பலகைய எங்க போட்ட?"

"அவங்க வீட்டு வாசப்படியில. உள்ள போகணும்னாலும் வெளிய வரணும்னாலும் அத மிதிச்சுத்தான் ஆகணும்."

கோமு எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தாள். பிறகு தட்டை எடுத்துக் கழுவி, சோறு போட்டு, அம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள்.